சிவப்பு நூல் கட்டிய வயர்

குடும்பத்தில் அவருக்கு நிபுணர் என்று பெயர். எப்போதோ ஒரு நாள் ஓடாத டிவியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், அது ஓடிவிட்டது. அன்று முதல் கரண்டில் ஓடும் எதற்கும் அவர்தான் டாக்டர். அந்த டிவி மறுவாரமே புகைந்து செத்ததை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, அவருடைய தம்பி மனைவியைத் தவிர.

இப்போது அவளுடைய ஹார்ட் டிஸ்க் அவர் கையில் சிக்கியிருந்தது. குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்காக அவள் மாதக்கணக்கில் கண் பூத்துப்போக வரைந்த படங்கள் மொத்தமும் அதில்தான். நாளை பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். வேறெங்கும் பிரதி கிடையாது. "லேப்டாப் மூச்சுத் திணறுதும்மா, எல்லாத்தையும் டிஸ்க்குக்கு மாத்திட்டு இங்க அழிச்சிடு" என்று போன மாதம் பக்கத்தில் நின்று அழிக்க வைத்த புண்ணியவானும் இவரேதான்.

டிஸ்க்கைச் செருகினால் அதன் விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் எதுவும் வரவில்லை.

"வயர்ல கோளாறா இருக்குமோ, மாமா?"

"லைட்டு எரியுதுல்ல? அப்ப வயர் நல்லாத்தான் இருக்கு. இதெல்லாம் அடிப்படைம்மா."

"கடையில குடுத்துப் பாக்கலாமே."

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது கடையா?"

"அண்ணனுக்குத் தெரியாததா?" என்றான் அவள் கணவன். அண்ணன் வாயைத் திறந்தால் தலையாட்டுவது அவனுக்குப் பிறவிக் குணம்.

நிபுணர் டிஸ்க்கைக் குலுக்கினார். காதில் வைத்துக் கேட்டார். பாலித்தீன் பையில் சுற்றி ஃபிரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தார். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"திறக்காதீங்க மாமா, வேணாம்!"

"நீ படம் வரையிற வேலையப் பாரு."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. கணவனின் அண்ணனாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பாழாய்ப்போன மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். அதற்குள் மூடி கழன்றுவிட்டது. உள்ளே வட்டத் தகடு பளபளவென்று இருந்தது.

"தூசிம்மா, தூசி! நான் அப்பவே நெனச்சேன்" என்றவர், பிடரி வேர்வையைத் துடைத்த அதே கைக்குட்டையால் தகட்டையும் அழுத்தித் துடைத்தார்.

சுவரோரம் சார்ஜில் கிடந்த அவருடைய போன் அடித்தது. எழுந்து போய் வயரை உருவிவிட்டுப் பேசினார். தொங்கிய வயரின் நுனியில் சிவப்பு நூல். டிஸ்க்கோடு வந்த வயர் மற்றதோடு கலந்துவிடக் கூடாதென்று அவளே கட்டிய நூல். டிஸ்க்கில் செருகியிருந்த வயரில் அது இல்லாததைப் பதற்றத்தில் அவள் கவனித்திருக்கவில்லை.

"மாமா, இது என் டிஸ்க்கோட வயர்."

"ஓ, அதுவா? என் சார்ஜர் வயர்ல ஏற ரொம்ப நேரமாகுதும்மா. இதுல சீக்கிரம் ஏறுது. அதான் நேத்து மாத்தி வச்சேன். எல்லாம் ஒண்ணுதானே?"

கரண்டை மட்டும் கடத்தி விளக்கை எரிய வைப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத சார்ஜர் வயரோடுதான் இத்தனை நேரமும் மல்லுக்கட்டியிருக்கிறார். அவள் நூல் கட்டிய வயரைச் செருகினாள். லேப்டாப் 'டிங்' என்றது. திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது. அடுத்த நொடி உள்ளே கறகறவென்று ஏதோ உரச, பெயர் மறைந்தது. பிறகு என்ன செய்தும் வரவில்லை.

"பாத்தியா, வந்துச்சு! நான் தொடச்சது வீண்போகல" என்றார் நிபுணர்.

கணவன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையாட்டவில்லை.

அவள் வயரைக் கழற்றிச் சுருட்டி அவர் கையில் வைத்தாள்.

"நீங்களே வச்சுக்கோங்க மாமா. உங்க போனாவது சீக்கிரம் ஏறட்டும்."