தேர் நோட்டீஸ்

கந்தோருக்கு நாய் வரப்போகிறது என்று முதலில் சொன்னவன் றினோஸ்தான். நாலு கால் நாய் இல்லை. கம்பியூட்டருக்குள் இறங்கி, ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், வீட்டு விலாசம், இன்னாருக்கு இன்ன வருத்தம் என்ற விவரம் எல்லாம் எந்தெந்த மூலையில் கிடக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்லும் மென்பொருள். புதுச் சட்டம் வந்த கையோடு கொழும்பிலிருந்து சுற்றறிக்கையும் வந்துவிட்டது. ஒவ்வொரு மெஷினையும் தேட வேண்டும், அகப்பட்டதை அழிக்க வேண்டும் அல்லது பூட்ட வேண்டும், வைத்திருப்பதென்றால் ஏன் வைத்திருக்கிறோம் என்று காரணம் எழுத வேண்டும்.

மாத்தளை நகரத்தில் இப்படியொரு பீதி ஒரு அரசாங்கக் கந்தோருக்குள் வந்து நான் கேள்விப்பட்டதில்லை. றினோஸுக்கு அவன் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளைப் பற்றிக் கவலை. ரஜிதாவுக்குக் கல்யாணத் தரகர் அனுப்பிய சாதகங்களைப் பற்றிக் கவலை. பிரதம லிகிதர் செல்வரத்தினத்துக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை. "மடியில ஒண்டுமில்ல, எனக்கென்ன பயம்" என்று சொல்லிவிட்டுச் சாவகாசமாகத் தேத்தண்ணீர் குடித்தார் மனிதர்.

ஐம்பத்தேழு வயது. அப்பா தபால் கந்தோர் வேலையாக யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலிருந்து வந்து மாத்தளையில் தங்கிவிட்டவர். இவர் பிறந்ததே இங்கேதான். கடிதம், மனு, கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் எதுவானாலும் ஊர் இவரிடம்தான் வரும். அப்படி ஒரு கை.

நாயைப் பிடித்துக்கொண்டு வரும் பொறுப்பு மஸீஹாவுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கண்டியில் மூன்று நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். உக்குவெலைக்காரி. பதினெட்டு வருஷ சேவையில் இரண்டரை வருஷம் மலைக்கு அப்பால் லக்கலயில் கழித்தவள். கழித்தவள் என்ன, கழிக்கவைக்கப்பட்டவள். நாலு வருஷத்துக்கு முன் அவள்மேல் ஒரு மொட்டைப் பெட்டிசம் போனது. விண்ணப்பதாரிகளின் அடையாள அட்டை இலக்கங்களையும் போன் நம்பர்களையும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் ஒரு முகவருக்குக் கொடுக்கிறாள் என்று அதில் எழுதியிருந்தது. அடியில் கையெழுத்து இல்லை. 'உண்மையை விரும்பும் பொதுமக்கள்' என்று மட்டும் இருந்தது. விசாரணை நடந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் நிர்வாக நலன் கருதி இடமாற்றம் என்று ஒரு கடிதம் வந்தது. வர இருந்த பதவி உயர்வும் அத்தோடு போயிற்று.

அந்தப் பெட்டிசத்தை எழுதியவர் செல்வரத்தினம்.

ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை, கந்தோரில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எழுதினார். யாராவது திறந்து பார்த்தாலும் சந்தேகம் வராதபடி 'தேர் நோட்டீஸ்' என்று பெயர் போட்டுக் கோயில் கடிதங்களோடு சேர்த்து வைத்தார். மாத்தளை முத்திரை விழக்கூடாதென்று பஸ் ஏறி யட்டவத்தைக்குப் போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார். அடுத்த மாதம் புது மெஷின் வந்தது. நினைவாகத் தேடி அந்த ஃபைலை அழித்தார். பழைய மெஷினில் இருந்த அத்தனையையும் றினோஸ் அதற்கு முன்பே புது மெஷினில் 'பழசு' என்றொரு ஃபோல்டருக்குள் இன்னொரு தடவை கொட்டி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மஸீஹா அவருடைய மேசைக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சேர், நான் ஒண்டையும் திறக்கக் கூடாது. லிஸ்ட் மட்டுந்தான் எனக்குத் தெரியும். நீங்க பாத்துச் சொல்லுங்க, அழிக்கவா, பூட்டவா, வெக்கவா எண்டு."

"சொல்லுங்க மிஸ். உங்கட நாய் என்னத்தக் கவ்விக்கொண்டு வருது பாப்பம்."

நாற்பத்தொரு ஃபைல் கவ்விக்கொண்டு வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்குள் அகப்பட்ட இலக்கம் சிவப்பில் தெரிந்தது. ஓய்வூதியக் கடிதங்கள், லீவு விண்ணப்பங்கள், யாரோ ஒருவருடைய காணி மனு. பூட்டு, பூட்டு, அழி என்று செல்வரத்தினம் கம்பீரமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினேழாவதில் மஸீஹாவின் கை நின்றது.

அவளுடைய அடையாள அட்டை இலக்கம் 786 என்று தொடங்கும். எழுபத்தெட்டாம் ஆண்டு பிறந்தவள், பிறந்த நாளுக்கு அந்த எண் அப்படி அமைந்துவிட்டது. "பிஸ்மில்லாஹ்ட நம்பர் எனக்கு அரசாங்கமே தந்தது" என்று வந்த புதிதில் எல்லோருக்கும் காட்டிச் சிரிப்பாள். கந்தோரில் பாதிப்பேருக்கு அது மனப்பாடம். செல்வரத்தினம்கூடப் பெட்டிசத்தில் அந்த இலக்கத்தை எதையும் பார்க்காமல்தான் அடித்தார். இலக்கம் போட்டு எழுதினால் மேலிடம் நம்பும் என்று ஒரு கெட்டித்தனம்.

"சேர், இது என்ட நம்பர்." மஸீஹா ஃபைலின் பெயரை வாசித்தாள். "தேர் நோட்டீஸ்." பிறகு சிரித்துவிட்டாள். "என்ன சேர், கோயில் கமிட்டிக்கும் என்னயப் போட்டுட்டீங்களா?"

"வடம் புடிக்க ஆள் காணாதாம் மிஸ்," என்றான் றினோஸ் பக்கத்து மேசையிலிருந்து. கந்தோர் முழுக்கச் சிரித்தது. செல்வரத்தினமும் சிரித்தார். தன்னுடைய அந்தச் சிரிப்புச் சத்தம் அவருடைய காதிலேயே விழுந்தது. சே, இதுவும் ஒரு சிரிப்பா என்று இருந்தது. காது மடல் இரண்டும் பற்றி எரிந்தன.

தேத்தண்ணீர் நேரம் வந்து எல்லோரும் எழுந்து போனார்கள். மஸீஹா போகவில்லை.

"உண்மையா சேர், இது எப்படி இதுக்குள்ள வந்திச்சு?"

பொய் வாயில் தயாராக இருந்தது. முப்பது வருஷம் மற்றவர்களுக்குக் காரணம் எழுதிக் கொடுத்த ஆளுக்கு அதற்கா பஞ்சம்.

"அந்த விசாரணை நேரம் உங்களுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தந்தேனே. அவசரத்துல இந்தப் பேர்ல சேவ் பண்ணியிருப்பேன் போல."

அவர் எழுதிக் கொடுத்தது உண்மைதான். அதுதான் இதில் மகா கேவலம். பெட்டிசம் போய் மூன்றாம் கிழமை அவள் அழுத கண்ணோடு வந்து, "சேர், எனக்கு இதுக்குப் பதில் எழுதத் தெரியல்ல" என்று நின்றாள். தான் போட்ட குற்றச்சாட்டுகளுக்கு ஒவ்வொன்றாகத் தானே பதில் எழுதினார். நல்லாகவும் எழுதினார். அன்றைக்கு இரவு ஒரு பிடி சோறுகூட இறங்கவில்லை, ஆனால் அடுத்த நாள் இறங்கியது. மனுஷ வயிறு அப்படிப்பட்டது.

மஸீஹாவின் முகம் இளகிவிட்டது.

"அந்த நேரம் இங்க ஒருத்தரும் என்னோட முகம் குடுத்துப் பேசல்ல சேர். நீங்க மட்டுந்தான். வாப்பா மவுத்தான அன்டைக்கும் கந்தோரால முதல்ல வந்தது நீங்கதான் எண்டு உம்மா இப்பவும் சொல்லுவா."

அவர் போயிருந்தார். வாப்பாவுக்குக் காலையில் உயிர் போனது. லக்கலயில் மழை, பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லை. அஸர் தொழுகைக்கு முன் அடக்கம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மஸீஹா நனைந்த உடுப்போடு வந்து இறங்கினாள். வாசலில் நின்ற செல்வரத்தினத்தைப் பார்த்து, "சேர், முகத்தக்கூடப் பாக்கக் கெடைக்கல்ல" என்றாள். யாரோ நீட்டிய தண்ணீர்க் கிளாஸை வாங்கி இவர்தான் அவளிடம் கொடுத்தார். இந்தக் கையால்தான். அந்த நாளை அவர் நினைப்பதில்லை. நினைவு வந்தால் எழுந்து போய் எதையாவது கழுவுவார், துடைப்பார். இப்போது எழுந்து போக வழியில்லை. அவள் கதிரை வழியை மறித்துக்கொண்டிருந்தது.

"இத அழிக்க வேணாம் சேர். என்ட பிரதி லக்கலயில மழையில ஊறிப் போச்சு. பதவி உயர்வுக்கு அப்பீல் போடப் போறேன், இந்தக் கடிதத்தையும் வெச்சா நல்லம். ஒரு பிரின்ட் எடுத்துத் தருவீங்களா?"

"பெறகு எடுத்துத் தாறேன்."

"சரி சேர்."

அவ்வளவுதான். தப்பியாயிற்று. அவள் திறந்து பார்க்கவில்லை, பார்க்கக் கேட்கவும் இல்லை. பின்னேரம் இருந்து விளக்கக் கடிதத்தைப் புதிதாக அடித்துக் கொடுத்துவிடலாம், இதைத் தடம் தெரியாமல் அழித்துவிடலாம். செல்வரத்தினத்துக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்க்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"வைத்திரு" என்பதை அழுத்தியதும் காரணம் எழுதும் கட்டம் திறந்தது. மஸீஹா தானே கீபோர்டை இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். செல்வரத்தினம் பார்த்துக்கொண்டிருந்தார். 'தேர் நோட்டீஸ்' என்ற பெயருக்கு நேரே, அவருடைய பெயரும் பதவியும் இருந்த வரிசையில், எழுத்துகள் வந்து விழுந்தன.

'எனக்கு அநியாயம் நடந்த நேரம் சேர் எனக்காக எழுதியது.'

"அத எழுதாதீங்க," என்றார்.

"ஏன் சேர், பிழையா?"

அவர் மௌஸைப் பிடித்து அந்த ஃபைலை இரண்டு தரம் தட்டினார். திறந்ததும் திரையை அவள் பக்கமாகத் திருப்பிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். கண்டி வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. அவள் வாசிக்கும் சத்தம் கேட்கவில்லை. மௌஸின் சில்லை உருட்டும் சத்தம் மட்டும் இடைக்கிடை கேட்டது. ஒன்றரைப் பக்கம். அது எவ்வளவு நீளம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் அழுவாள், கத்துவாள், எழுந்து டிரெக்டரிடம் ஓடுவாள் என்று எதிர்பார்த்தார். கன்னத்தில் ஒன்று விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஒன்றுமே நடக்கவில்லை.

"ஏன் சேர்?" என்றாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

இந்தக் கேள்விக்கு நாலு வருஷமாக அவர் பெரிய பெரிய பதில்களைத் தேடி வைத்திருந்தார். சேவை மூப்பு, நிர்வாகம், ஒழுங்கு. அவள் முகத்துக்கு நேரே ஒன்றும் நிற்கவில்லை.

"அந்த வருஷம் தமிழ் தினத்துக்கு நான் எழுதின அறிக்கைய டிரெக்டர் உங்ககிட்டத் தந்து பாக்கச் சொன்னாரே. நீங்க சிவப்புப் பேனையால மூணு பிழை திருத்தினீங்க."

அவள் யோசித்தாள். நினைவு வர நேரம் எடுத்தது. இத்தனை நாளும் அவளுக்கு அது ஞாபகத்திலேயே இருக்கவில்லை என்பது அவரை இன்னும் கொன்றது.

"அத அவர் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். அவருக்குத் தமிழ் வாசிக்கவும் தெரியாது. 'செல்வரத்தினம், ஒங்கட தமிழுக்கு மிஸ் மார்க்ஸ் குறைச்சிட்டாவே' எண்டு பகிடி பண்ணினார். எல்லாரும் சிரிச்சாங்க. யாழ்ப்பாணத்துத் தமிழ் எங்கட தமிழ் எண்டு எனக்கு ஒரு மண்டைக்கனம். அத உங்களப் போல ஒரு ஆள் வந்து..."

'உங்களைப் போல' என்பதற்குள் என்ன இருந்தது என்று இருவருக்கும் தெரியும்.

"மூணு பிழைக்கா சேர்?"

"ஓம்."

"என்ட வாப்பாட முகம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். முந்தானைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வரத்தினம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி வேண்டாம் என்றாள். வெளியே றினோஸின் குரல் கேட்டது. தேத்தண்ணீர் முடித்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

மஸீஹா பெட்டிசத்தை மூடினாள். காரணக் கட்டத்தில் தான் அடித்திருந்த வரியைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டு போனாள். 'எழுதியது' போயிற்று. 'எனக்காக' போயிற்று. கட்டம் வெறுமையானதும் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"நாலு மணிக்கு இது கொழும்புக்குப் போகணும். காரணத்த நீங்களே எழுதுங்க," என்றாள். "எப்படி எழுதினாலும் நான் திருத்த மாட்டேன்."