பெரியவருக்கு ஏழு பொட்டலம்

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் பல் டாக்டரின் கிளினிக். காத்திருப்பவர்கள் பயத்தை மறப்பதற்காக அங்கே ஒரு மீன்தொட்டி உண்டு. அதில் மூன்று தங்கமீன்கள். மூத்ததற்கு ஒன்பது வயது, வயிறும் கொஞ்சம் கோளாறு. அதற்குப் பெரியவர் என்று பெயர். பெரியவர் வாய் வைக்காததை மற்ற இரண்டும் தொடாது.

டாக்டர் ஒன்பது வருடமாக வெளியூர் போனதில்லை. காரணம் நோயாளிகள் அல்ல, பெரியவர்தான். கடைத் தீனியைப் போட்டால் துப்பிவிடுவார். பட்டினி கிடந்தாலோ ஒருக்களித்து மிதக்க ஆரம்பித்துவிடுவார். ஆகவே டாக்டர் தாமே பொடி அரைத்து வைப்பார். அதில் என்ன சேர்க்கிறார் என்பது அவருக்கும் அவருடைய மிக்ஸிக்கும் மட்டுமே தெரியும்.

இந்த முறை டாக்டரம்மா விடவில்லை. பத்து நாள் கடலோரத்தில் தங்க அறை பதிவு செய்தாகிவிட்டது. கிளம்பும் அன்று இருவரும் மாடிக்கு வந்தார்கள். டாக்டர் சாவியையும் ஒரு அட்டைப்பெட்டியையும் நீட்டினார். பெட்டியின் மேல் கிளினிக் முத்திரை. உள்ளே பத்துப் பொட்டலங்கள், மாத்திரைப் பொடி மடித்துக் கொடுப்பாரே, அதே மடிப்பு. ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்து: "காலை 8 மணி. ஒன்று மட்டும்."

"உங்களை நம்பித்தான் போறேன். நீங்க எதையும் எழுதி வச்சுச் செய்யற ஆளு."

அவர் இறங்கியதும் டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, மீனுக்குத் தும்மல்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இந்த மனுஷன் அடுத்த வண்டியைப் பிடிச்சு வந்துருவாரு. என் பத்து நாளு உங்க கையிலதான் இருக்கு."

நான் ஒரு தாளில் கோடு போட்டு, நாள், நேரம், பெரியவர் நிலை என்று மூன்று கட்டம் பிரித்தேன். மூன்று நாள் பிசகில்லாமல் நடந்தது. எட்டு மணிக்குப் பொட்டலம். எட்டே காலுக்கு டாக்டருக்குச் செய்தி: "இன்றைய பொட்டலம் கொடுக்கப்பட்டது. மூவரும் நலம்."

மூன்றாம் நாள் மதியம் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வீங்கிய கன்னத்தோடு வந்து சேர்ந்தான். பெரிய ஓட்டலில் சமையல்காரன். டாக்டர் ஊரில் இல்லை என்று மனைவி சொல்லிப் பார்த்தாள்.

"வேற டாக்டரைப் பாருடா."

"போக்கா. இவரு கைதான் எனக்கு ராசி. வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கேன்" என்று படுத்துவிட்டான்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். ஏழு வெற்றுக் காகிதங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மச்சான் மேசையில் உட்கார்ந்து தெம்பாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். வீக்கம் வற்றியிருந்தது.

"மச்சான், இந்தப் பெட்டியில இருந்த பொட்டலம்..."

"அருமையான மருந்து மாமா. பல்லுல அடக்கி வச்சேன், அப்படியே கேட்டுச்சு."

"ஏழுமா?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு."

"ஒண்ணு மட்டும்னு எழுதியிருக்கே!"

"டாக்டருங்க எப்பவும் பயந்து பயந்து குறைச்சுத்தான் எழுதுவாங்க."

"அது மீன் தீனிடா!"

மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். மச்சான் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அதானே பார்த்தேன். உப்பே இல்ல" என்றான்.

மணி எட்டே கால். செய்தி போகாவிட்டால் டாக்டரே அழைப்பார். அழைத்தால் டாக்டரம்மாவின் பத்து நாள் அன்றோடு சரி. பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. "இன்றைய பொட்டலம் உட்கொள்ளப்பட்டது. மூவரும் நலம்" என்று அனுப்பினேன். அந்த நிமிடம் வரை அது உண்மைதான்.

கடைக்கு ஓடி மூன்று விதமான டப்பா வாங்கி வந்தேன். பெரியவர் ஒவ்வொன்றையும் வாயில் வாங்கி, என் முகத்தைப் பார்த்துத் துப்பினார். சின்னவர்கள் இருவரும் திரும்பிக்கொண்டார்கள். மாலையில் பெரியவர் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தார். நிலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று பேனாவோடு நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் சாஞ்சா டாக்டருக்குச் சொல்லித்தான் ஆகணும்."

மச்சான் தொட்டிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான். "மாமா, அந்தப் பொடியை விடிய விடிய வாயில வச்சிருந்தவன் நான். அதுல என்ன இருக்குன்னு என் நாக்கைக் கேளுங்க." கண்ணை மூடிக்கொண்டான். "காஞ்ச இறால் முக்கால்வாசி. அவிச்ச பட்டாணி, தோல் உரிச்சது. முட்டை மஞ்சக்கரு. ஏதோ ஒரு கீரை. அப்புறம் பூண்டு. என் பல்லைக் காப்பாத்துனதே அந்தப் பூண்டுதான்."

"என் மிக்ஸியில இறாலா?" என்று மனைவி பதறினாள். ஆனாலும் கொடுத்தாள். வாணலியில் ஈரம் போக வறுத்து, அரைத்து, சலித்தான். அவன் கை மூன்று முறை உப்பு ஜாடிக்குப் போனது. மூன்று முறையும் தட்டிவிட்டேன். அரைக்கும்போதெல்லாம் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டான்.

"போதும்டா, மீனுக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றாள் மனைவி.

ஒரு சிட்டிகை தூவினோம். பெரியவர் வாயில் வாங்கினார். துப்பப் போகிறார் என்று மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். துப்பவில்லை. மேலே வந்து வாயைத் திறந்தார்.

"பார்த்தீங்களா, மறுசோறு கேக்கறாரு!"

மறுநாள் காலை என் தாளில் எழுதினேன்: "நேராக நிற்கிறார்."

பத்தாம் நாள் மாலை டாக்டர் பையைக்கூட இறக்காமல் தொட்டிக்கு ஓடினார். "என்ன இவரு, மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்காரு!" நடந்ததையெல்லாம் இரண்டு பக்கம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எடுப்பதற்குள் மச்சான், "டாக்டர், என் பல்லு" என்று நாற்காலியில் ஏறிவிட்டான்.

டாக்டர் விளக்கைத் திருப்பி, ஊசியால் குடைந்து, எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இறால் காலு?" முகர்ந்தார். "பூண்டு!" மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் தாள்களை நீட்டினேன்.

முதல் பக்கத்தை நின்றபடி படித்தார். இரண்டாவதை உட்கார்ந்து படித்தார். கோபப்படவில்லை. "பட்டாணி தோல் உரிச்சதுன்னு எப்படித் தம்பி கண்டுபிடிச்சீங்க?" என்று மட்டும் மச்சானைக் கேட்டார்.

மறுநாள் காலை டாக்டர் தம் சொந்தப் பொடியைத் தூவினார். பெரியவர் வாயில் வாங்கினார், டாக்டரின் முகத்தைப் பார்த்தார், துப்பினார்.

டாக்டரம்மா இன்னும் பிரிக்காத பயணப் பெட்டியின் மேல் கை வைத்தபடி மச்சானைக் கூப்பிட்டார். "தம்பி, அடுத்த தடவைக்குப் பதினஞ்சு பொட்டலம் மடிச்சு வச்சிருங்க. 'ஒன்று மட்டும்'னு எழுத வேணாம். எழுதினா மட்டும் நீங்க கேக்கவா போறீங்க?"