செட்ரிக் தலையாட்டிய பீப்பாய்

துடைத்த பீர் பம்புகளையே நோரீன் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். போன வருஷம் இந்நேரம் அவள் நடத்தும் ‘ஷட்டில்’ பப்பில் முழங்கை வைக்க இடம் கிடைக்காது. இப்போது ஈ ஓட்டவேண்டியதுதான். யார்க்‌ஷயர் குளிரில் அந்த ஈகூட வருவதில்லை. ஜன்னலோரம் தனியாக டொமினோ அடுக்கிக்கொண்டு வில்ஃப். பம்புக்கு நேரெதிரே, தன் பழைய முக்காலியில், செட்ரிக் ஹோல்ராய்ட்.

“அவங்க இன்னிக்கு வர்றாங்க செட்ரிக். ஞாபகம் இருக்கில்ல?” என்றாள்.

“அத எப்படி மறப்பேன்? ராத்திரி பூரா தூக்கமே இல்ல.”

பீப்பாய் பீர் ரசிகர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். குடித்துப் பார்த்து அவர்கள் சரி என்றால், சங்கம் போடும் புத்தகத்தில் ஷட்டிலின் பெயர் ஏறும். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டுக்காட்டில் நடக்க வருகிற கூட்டம் இங்கே திரும்பும். இல்லையென்றால் கோடைக்குப் பிறகு கட்டடத்தை வீடுகளாகப் பிரித்து விற்றுவிடப்போவதாகச் சொந்தக்காரக் கம்பெனியின் ஆள் வந்து மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தான். நோரீன் மாடியில்தான் குடியிருக்கிறாள். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அவள் அரை கிளாஸ் ‘ஈர ஆடு’ பிடித்து செட்ரிக்கின் முன்னால் வைத்தாள். அது பக்கத்து ஊர் ஆலையில் காய்ச்சுகிற பொன்னிற ஏல் வகை பீர்.

“செவ்வாய்க்கிழம தொறந்த பீப்பா. நாளாயி புளிச்சிடுச்சோன்னு பயமா இருக்கு. கீழ புதுசு ஒண்ணு மண்டி படிஞ்சு தயாரா கெடக்கு. நீ வேணாம்னா சொல்லு, இத சாக்கடையில ஊத்திட்டு அத மாட்டிடறேன்.”

வயிற்றுப் புண்ணுக்காக டாக்டர் நோரீனைச் சொட்டுக்கூடக் குடிக்கக்கூடாது என்றிருந்தார். அவள் மூக்கை சிகரெட் எப்போதோ தின்றுவிட்டது. அதனால் செட்ரிக்கின் நாக்குதான் அவளுக்கும் நாக்கு. அவளுக்கு மட்டுமா? அந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பப்புக்குள் நுழைந்தாலும், “செட்ரிக் எதக் குடிக்கச் சொல்றார்?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். மனிதர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ் ஓட்டியது யாருக்கும் ஞாபகமில்லை, நாக்கு ஞாபகமிருந்தது.

அந்த நாக்கு ஜனவரிக் காய்ச்சலோடு செத்துப்போயிருந்தது. மூக்கும் கூடவே போயிற்று. கடுகை அரைத்துத் தின்று பார்த்தார், வினிகரை முகர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை. வெட்கக்கேடு, யாரிடம் சொல்வது? அடுத்த வாரம் வந்துவிடும், அடுத்த மாதம் வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

கிளாஸைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது, ஒரு துளி கலக்கமில்லை. புளித்த பீரும் தெளிவாக இருக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். ஆனால் இவருக்கு மிச்சமிருந்தது கண் மட்டுமே, பாவம். ஒரு வாய் உறிஞ்சினார். வெறும் தண்ணீர்.

“கீழ ஊத்துறதா! பாவம் வரும் உனக்கு. இன்னிக்குத்தான் உச்சத்துல இருக்கு. இதையே குடு.”

நோரீனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “உன் வாய்க்கு சர்க்கர போடணும்யா!”

சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். சேற்று பூட்ஸோடு ஒரு பெண், தாடி வைத்த கணவன். எதைக் குடிக்கலாம் என்று அந்தப் பெண் கேட்டதுதான் தாமதம், செட்ரிக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மொதல்ல ஈர ஆடுதாங்க. வாய்ல வச்சதும் தேன் தடவின பிஸ்கட். நடுவுல லேசா ஆரஞ்சுத் தோல். முழுங்கின பிறகு கசப்பு மெதுவா வந்து நாக்கு ஓரத்துல உக்காரும், எழுந்து போகவே போகாது!”

சொல்லச் சொல்ல அவருக்கே வாயில் அது இருப்பதுபோலிருந்தது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சந்தோஷமாகப் பேசி.

இருவரும் ஒரு வாய் குடித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பிரமாதங்க, ரொம்ப நன்றி,” என்றாள் அந்தப் பெண். சுவரிலிருந்த படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். இரண்டு கிளாஸும் ஏறக்குறைய நிறைந்தபடியே நின்றன.

இந்த நாட்டு ஜனங்களுக்கு இது ஒரு வியாதி. தட்டில் செருப்பை வைத்தாலும் பிரமாதம் என்பார்கள். அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். நோரீன் இதே ஊரில் பிறந்தவள், அவளுக்குத் தெரியாதா?

“வில்ஃப், இங்க வா. இதக் குடி.”

“நான் ஆப்பிள் சைடர்தானே குடிக்கிறேன்...”

“ஈஸ்டரு கிறிஸ்மஸு பாக்காம ஏல் குடிச்ச ஆளு, ஜனவரியிலேர்ந்து என்ன திடீர்னு சைடர்? குடிய்யா!”

வில்ஃப் குடித்தார். முகம் கோணிற்று. “காடி, நோரீன்.”

“இன்னிக்கு மட்டுந்தானா?”

வில்ஃப் கையிலிருந்த டொமினோ கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “குளிர்காலம் பூரா அப்பப்ப இப்படித்தான். செட்ரிக் தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. அவரே நல்லாருக்குன்னா கோளாறு என் நாக்குலதான்னு நெனச்சேன். மத்தவங்களும் அப்படித்தான். எதுக்கு வம்புன்னு சொல்லாமக் கொள்ளாம எழுந்து போயிட்டாங்க.”

செட்ரிக் தன் கிளாஸைத் தள்ளிவைத்தார். குளிர்காலம் முழுக்க அவரும் நோரீனும் இதே இடத்தில் உட்கார்ந்து போனவர்களைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். டெலிவிஷனைத் திட்டினார்கள், கடையில் மலிவாக விற்கும் டின் பீரைத் திட்டினார்கள். ஆள் குறையக் குறையப் பீப்பாய் தீர நாளாயிற்று. நாளாக ஆகப் புளித்தது. புளித்ததற்கெல்லாம் இவர் தலையாட்டினார். ஒவ்வொரு நாற்காலியையும் காலிசெய்தது இவரேதான்.

“எனக்கு ருசி ஒண்ணுமே தெரியல நோரீன். அந்தக் காய்ச்சலுக்கப்புறம் எல்லாம் தண்ணியாத்தான் இருக்கு.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

“சொல்லியிருந்தா வில்ஃபக் கேட்டிருப்பேனே,” என்றாள். “அவ்வளவுதானே செட்ரிக்.”

பம்புகளில் மாட்டியிருந்த பெயர்த்தகடுகளை ஒவ்வொன்றாக உட்பக்கம் திருப்பினாள். அப்படித் திருப்பினால் சரக்கு இல்லை என்று அர்த்தம். பிறகு நிலவறைக்குள் இறங்கிப்போய், புதுப் பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்துக்கொண்டு வந்து வில்ஃபிடம் நீட்டினாள்.

வில்ஃப் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் குடித்தார்.

வெளியே சங்கத்துக்காரர்கள் ஏறிய பஸ் மேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் செட்ரிக்.

“நீங்க சொன்னீங்களே,” என்றார் வில்ஃப், அவர் முகத்தைப் பார்க்காமல். “தேன் தடவின பிஸ்கட், ஆரஞ்சுத் தோல். அப்படியே இருக்கு.”

செட்ரிக் அந்தக் கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தார். தண்ணீர்தான்.