செம்பருத்தி செய்யாதது

வெட்டு, இன்னும் வெட்டு, வேரோடு போகட்டும் சனியன், நாய் நுரை தள்ளிக்கொண்டு கிடக்கிறது, நீ சிவப்புச் சிவப்பாய்ச் சிரிக்கிறாயா... அவள் அரிவாளை ஓங்கி இறக்கினாள், செம்பருத்திக் கிளை முறிந்து பட்டை நாராய்த் தொங்கியது, அதையும் பிடித்துத் திருகினாள். தையல் கம்பெனியில் அடுக்கடுக்காய்த் துணி வெட்டுகிற கை, இன்று லீவு போட்டுவிட்டுக் கோடு பார்க்காமல், அளவு பார்க்காமல் வெட்டுகிறது. காலையில் மகன்தான் சொன்னான், "செம்பருத்தி இலைய மென்னுட்டு இருந்துச்சும்மா, அதான் வாந்தி." சொல்லிவிட்டு பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் விட்டுவர நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கியபோது ஏன் அப்படி அலறியது, வயிற்றுவலிக்கு விலாவைத் தொட்டால் கடிக்க வருமா... கண் ரப்பையில் வியர்வை இறங்கியது, போன் அடித்தது, நாய் டாக்டர்.

"செம்பருத்தி நாய்க்கு விஷம் இல்லைம்மா. நிறையத் தின்னா வயிறு கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான்." அப்புறம் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "விலா எலும்பு ரெண்டு உடைஞ்சிருக்கு. உள்ள ரத்தம் கசியுது. வண்டி ஏதாவது மோதுச்சா?"

"இல்லைங்க, அது கேட்டைத் தாண்டவே தாண்டாது."

"அப்ப யாரோ உதைச்சிருக்காங்க. ஒரு தடவை இல்ல."

பிழைக்குமா என்று கேட்டாளா, கேட்டாள்போலிருக்கிறது, பார்க்கலாம் என்று பதில் வந்தது. அரிவாள் கையிலேயே இருந்தது, பாதி வெட்டுப்பட்ட செடி சாய்ந்து நின்றது, பாவம், இது என்ன செய்தது... நேற்று மாலை மாடியில் துணி எடுக்கும்போது கேட்ட ஒரு கீச்சு, இறங்கி வந்து என்னடா என்றதற்கு, கால்ல மாட்டிக்கிச்சும்மா என்றான், சூப்பர்வைசர் திட்டிய கோபத்தில் முகம் வெந்திருந்தது, அவளும் சரி என்று அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் அப்பனும் இப்படித்தான், பக்கத்து வீட்டில் கேட்டால், பாத்ரூம்ல வழுக்கிட்டா என்பான், சோப்பு குற்றவாளி, மாடிப்படி குற்றவாளி, அலமாரிக் கதவு குற்றவாளி, அவன் மட்டும் உத்தமன். நெஞ்சு வெடித்துச் செத்தான், ஒரு சொட்டு அழவில்லை அவள், தொலைந்தது என்று தலை முழுகினாள், அந்த மாதமே குட்டியை வாங்கி வந்தாள், மகன் அதற்குக் கரண்டியில் பால் புகட்டினான், அதே கை, அதே பிள்ளை, இல்லை, டாக்டருக்கு என்ன தெரியும், வேறு யாராவது... யார், இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கேட்க வேண்டும், அவன் வந்ததும் முகத்துக்கு நேராய்க் கேட்க வேண்டும், பெற்றவள்தானே, கன்னத்தில் நாலு அறை அறைந்து கேட்டால் சொல்ல மாட்டானா?

கேட் கிறீச்சிட்டது. சாய்ந்த செடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவன் முகம் இளகியது.

"நீ ஏம்மா கஷ்டப்படுற, குடு, மிச்சத்தை நான் வெட்டுறேன்" என்று பக்கத்தில் வந்து அரிவாளுக்காகக் கையை நீட்டினான், சாதாரணமாய், அன்பாய்த்தான் நீட்டினான், கேள்வி அவள் நாக்கு நுனியில் இருந்தது, ஆனால் அவளுடைய இடது கை ஏற்கெனவே முகத்துக்குக் குறுக்கே உயர்ந்திருந்தது, அது எப்போது உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.