ஒன்பது ஜோடியும் வாய் திறந்த சுவரும்

சீட்டாட்டத்தில் ஏழு, எட்டு, ஒன்பது என்று நடுத்தர ஜோடி எது கைக்கு வந்தாலும் லிஃப்ட்காரருக்குப் புத்தி கெட்டுவிடும். ஆஸ் ஜோடி வந்தால் நிதானமாக ஆடுவார். ராஜா ஜோடியைத் தோற்றுவிட்டுச் சாவகாசமாக டீ குடிப்பார். ஆனால் இந்த இரண்டுங்கெட்டான் ஜோடிகளை மட்டும் கீழே வைக்க அவருக்கு மனசே வராது. முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையின் கையை விடாமல் நிற்கிற அப்பன் மாதிரி, கடைசிச் சீட்டு விழும்வரை பிடித்துக்கொண்டே இருப்பார். அப்புறம் தோற்பார்.

ஞாயிறு மதியம் சலவைக்கடையின் பின்னறையில் ஆட்டம். தலைக்கு மேலே கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் தொங்கும். துணி மடிக்கிற மேஜைதான் ஆட்ட மேஜை. பந்தயத்துக்குக் காசு கிடையாது. துவைக்க வந்த துணிகளிலிருந்து உதிர்ந்து, கேட்க நாதியில்லாமல் கிடந்த பட்டன்கள்தான். உட்காருவது ஐந்து பேர்: கடைக்காரர், பல் டாக்டரம்மா, பஸ் டிரைவர், கணக்கு டீச்சர், அப்புறம் நம்ம லிஃப்ட்காரர்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடி. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியில் ஒன்று. நடுநடுவே பந்தயம். கையில் இருப்பதும் நடுவில் இருப்பதும் சேர்ந்து யாருக்குப் பெரிய சேர்க்கையோ அவருக்கே பட்டன் எல்லாம். அந்தப் பந்தயத்துக்கு அளவு உண்டு, ஒரு தடவைக்கு முன்பாதியில் ஒரு பட்டன்தான் ஏற்றலாம், பின்பாதியில் இரண்டு. சினிமாவில் வருவது மாதிரி இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டு எதிராளியை முறைக்க முடியாது. ஒரு பட்டனுக்கு எவன் பயப்படுவான்? அதனால் கண்றாவிக் கையை வைத்துக்கொண்டும் எல்லோரும் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேர் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் எட்டு ஜோடி எப்படிப் பிழைக்கும்? யாரிடமாவது ஒரு ராணி இருக்கும், நடுவில் இன்னொரு ராணி விழும், கதை முடிந்தது. மூன்றாவது எட்டு வந்தால் உண்டு, இல்லையென்றால் மரியாதையாகக் கீழே வைத்துவிட வேண்டும். இது லிஃப்ட்காரருக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டன்களைப் பார்ப்பார்கள். யாரிடம் குறைவோ அவர் நாற்காலியைக் காலி செய்ய வேண்டும். காத்திருப்பவர் அதில் உட்காருவார். இந்தத் தடவை காத்திருந்தது வேறு யாருமில்லை, லிஃப்ட்காரரின் சொந்த மச்சினன்.

மனைவியின் தம்பி. வேலை மாற்றலாகி வந்தவன், வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை என்று அக்கா வீட்டில் தங்கினான். ஊரில் வீடே கிடைக்காமல் போய்விட்டது போலிருக்கிறது. செல்போனில் வீடியோ பார்த்துச் சீட்டாட்டம் கற்றுக்கொண்டவன். லிஃப்ட்காரர் ஷேவ் செய்யும்போது கதவில் சாய்ந்துகொண்டு, "விடணும் மாமா. நடுஜோடிய விடத் தெரியணும்" என்பான். சாப்பிடும்போதும் அதே பாட்டுத்தான். லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போனால், அதில் மாட்டிக்கொண்டவர்கள் கதவுக்கு உள்ளேயிருந்து திட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் இவன். வாரம் முழுக்க யாருடைய புத்திமதியும் இல்லாமல் அவர் உட்காரும் ஒரே இடம் அந்த நாற்காலிதான். அதிலும் இவன் வந்து உட்கார்ந்து, தோற்ற கதை ஜெயித்த கதையெல்லாம் வீட்டில் வந்து அளந்தால்?

நல்லவேளை, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அங்கே ஒரு சட்டம் இருந்தது. பின்னால் நிற்கிறவன் சுவர். சுவர் பேசாது, பெருமூச்சு விடாது, தொண்டையைச் செருமாது. ஆட்டம் நடக்கும்போது சுவர் வாயைத் திறந்தால் அதோடு சரி, அந்த அறைப் பக்கமே தலைகாட்டக் கூடாது. கடைக்காரர் தன் சொந்தச் சித்தப்பாவையே இந்தச் சட்டத்தில் வெளியேற்றியவர். மச்சினனும் மூன்று மாதமாக மாமா நாற்காலிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சுவராகத்தான் நின்றான். வட்டியும் முதலுமாக வீட்டில் வந்து பேசினான், அது வேறு விஷயம்.

கடைசி ஞாயிறு, கடைசிக் கை. லிஃப்ட்காரர், டிரைவர், டாக்டரம்மா மூன்று பேரும் அடிமட்டத்தில் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றார்கள். லிஃப்ட்காரர் சீட்டை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்பது, ஒன்பது.

வழக்கம்போல ஐந்து பேரும் பட்டன் போட்டார்கள். நடுவில் மூன்று சீட்டு விழுந்தது: ராஜா, ராணி, நாலு. டீச்சர் ஒரு பட்டன் வைத்தார். டாக்டரம்மா யோசிக்காமல் அதை இரண்டாக்கினார். டிரைவர் எதையோ எதிர்பார்த்துக்கொண்டு இரண்டைப் போட்டார். முறை லிஃப்ட்காரருக்கு வந்தது.

அவர் ஒன்பதுகளைப் பார்த்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் கையில் ராஜா இல்லாமல் பட்டனை ஏற்றியதாகச் சரித்திரமே இல்லை. நாற்காலியைப் பற்றி நினைத்துக்கொண்டார். பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நடுஜோடியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கடைக்காரரும் டீச்சரும் தங்கள் சீட்டைக் கீழே வைத்தார்கள்.

நாலாவது சீட்டு விழுந்தது. ஒன்பது.

லிஃப்ட்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சுவரால் முடியவில்லை.

"ஐயோ, போச்சே மாமா! ஒன்பது மாமா!"

அறையே அவனைத் திரும்பிப் பார்த்தது. மச்சினன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். கடைக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆட்டம் நடக்கட்டும் என்றார். நடந்தது. பட்டன் மேல் பட்டன் விழுந்தது. கடைசியாக வந்தது ஒரு உதவாக்கரை இரண்டு. டாக்டரம்மா ராஜா ஒன்று, ராணி ஒன்று என்று ஜம்பமாக விரித்தார். டிரைவர் பத்தையும் ஜாக்கியையும் வைத்தார். ஒன்பதிலிருந்து ராஜாவரை வரிசை கட்டிவிட்டது. மூன்று ஒன்பதாக இருந்திருந்தாலும் அந்த வரிசைக்கு முன்னால் வெறும் தூசிதான். லிஃப்ட்காரர் விடாமல் இருந்திருந்தால் நாற்காலியை முதுகோடு சேர்த்துப் பிய்த்திருப்பார்கள்.

பட்டனில் டாக்டரம்மாதான் கடைசி. சட்டப்படி அவருடைய நாற்காலி மச்சினனுக்கு. ஆனால் கடைக்காரர் கதவைக் காட்டினார்.

"சுவர் பேசிடுச்சு. இனிமே இங்க வேலை இல்ல."

காத்திருக்க வேறு ஆள் இல்லாததால் டாக்டரம்மா இருந்த இடத்திலேயே இருந்தார். லிஃப்ட்காரருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நாற்காலி தப்பியது, மச்சினன் தொலைந்தான். வீட்டுக்குப் போகிற வழியில் கொஞ்சம் பாட்டுக்கூடப் பாடலாம் என்றிருந்தார்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த நாளிலிருந்து அவன் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை. சிக்னலில் நின்றபோது, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்டா கத்துன?"

"தெரியல மாமா. மொத தடவையா நீங்க மனசு வந்து விட்டீங்க. இன்னிக்குன்னு பாத்து அது வந்து தொலையுது. எனக்குத் தாங்கல."

பச்சை விழுந்தும் லிஃப்ட்காரர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் தோற்றதற்குச் சிரித்தவர்கள் உண்டு, உச்சுக் கொட்டியவர்கள் உண்டு. அவருக்குப் போய்விட்டதே என்று தன் காரியத்தைக் கெடுத்துக்கொண்டு அலறியவன் இவன் ஒருத்தன்தான். பாவி, நிம்மதியாக ஒருநாள் சந்தோஷப்படக்கூட விடமாட்டேன் என்கிறானே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. கண்ணும் கலங்கித் தொலைத்தது.

அடுத்த ஞாயிறு சீக்கிரமே போய் மச்சினனுக்காகக் கடைக்காரரின் காலைப் பிடித்தார். கடைக்காரர் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, சுவராக மட்டும் வரட்டும், ஆனால் மறுபடி வாயைத் திறந்தால் மச்சினனோடு சேர்த்து மாமாவும் வெளியே என்றார். போயும் போயும் இவன் வாயை நம்பியா நாற்காலியைப் பணயம் வைப்பது? தான் செய்வது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று லிஃப்ட்காரருக்கே தெரிந்தது. சரி என்று தலையை ஆட்டினார்.

மச்சினன் பயபக்தியாக வந்து பின்னால் நின்றான். முன்னெச்சரிக்கையாக ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து வாயில் திணித்துக்கொண்டான். முதல் கை போட்டார்கள். லிஃப்ட்காரர் சீட்டின் ஓரத்தைத் தூக்கி, அவனுக்கும் தெரிகிற மாதிரி கொஞ்சம் சாய்த்துக் காட்டினார்.

எட்டு, எட்டு.

பின்னால் கைக்குட்டை நறநறவென்று கடிபடும் சத்தம் கேட்டது.