நம்பும்படியான விதவை

"பொட்டை அழிச்சுப்போட்டு வாரும் யோகா. ட்ரெயினுக்கு நேரமாகுது."

சிட்னி, வென்ட்வேர்த்வில் வீட்டுக் குசினி வாசலில் சிவனேஸ்வரி ஈரத் துவாயோடு நின்றாள். யோகாவின் கணவன் அருந்தவனுக்கு அவள் கூடப்பிறந்த அக்கா. ஊரில் விசாரணைக்கென்று ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போன அருந்தவன் திரும்பவே இல்லை. அவனைத் தேடிப் போராட்டங்களில் நின்ற யோகாவையும் அடித்து மிரட்டினார்கள். தப்பி வந்து மச்சாள் வீட்டில் ஒண்டிக்கொண்டாள். பாதுகாப்பு விசா ஒருமுறை மறுக்கப்பட்டாயிற்று. இன்றைக்குத் தீர்ப்பாயமும் நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அவர் செத்தவர் எண்டு ஆர் மச்சாள் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனா கலியாணவீட்டுக்குப் போறமாதிரிப் போய் நிண்டா வெள்ளைக்காரர் நம்புவினமே? புருசனைப் பறிகுடுத்தவள் எண்டா பாத்தவுடனை தெரியோணும். தாலிக்கொடியையும் கழட்டும்."

சோறு போடுகிறவளோடு எவ்வளவுதான் வழக்காடுவது? ஊர்ச்சனம் எவ்வளவோ ஏசியும் அழிக்காத பொட்டை யோகா சிட்னியில் அழித்தாள்.

தீர்ப்பாய உறுப்பினர் மரியாதையான பெண்மணி. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு யோகா கொடுத்திருந்த போராட்டப் படமொன்றைத் திருப்பிக் காட்டினார். அதில் அவள் நெற்றியில் பெரிய பொட்டு.

"கணவர் உயிரோடிருக்கிறார் என்று நம்பித்தான் இதை வைப்பதாக முன்பு சொல்லியிருக்கிறீர்கள். இன்று இல்லையே. அவர் இறந்த செய்தி எப்போது கிடைத்தது?"

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடித்ததும் யோகா தன் வெறும் நெற்றியைத் தொட்டாள்.

"ஒரு செய்தியும் வரேல்லை. இப்பிடி வந்தாத்தான் நீங்கள் நம்புவியள் எண்டு மச்சாள் சொன்னவ."

"ஆக, எங்களை நம்பவைக்கத் தோற்றத்தை மாற்றியிருக்கிறீர்கள்" என்றார் உறுப்பினர், குரலை உயர்த்தாமல். அதன்பின் அடியையும் மிரட்டலையும் பற்றி யோகா சொன்ன எதற்கும் அவருடைய பேனா அசையவில்லை.

இடைவேளையில், வெளியே காத்திருந்த சிவனேஸ்வரி விசயத்தைக் கேட்டுக் கொதித்தாள்.

"விசரி! செத்திட்டார் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா முடிஞ்சுதே!"

"அடுத்த சாட்சி நீங்கள்தானே மச்சாள். நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

சிவனேஸ்வரி விறுக்கென்று உள்ளே போனாள். யோகா பின்னால் போய் அமர்ந்தாள்.

"உங்கள் தம்பி இறந்துவிட்டாரா?"

சிவனேஸ்வரி வாயைத் திறந்தாள். கண் கலங்கியது.

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ! அவன் எங்கையோ உயிரோடைதான் இருக்கிறான்."

"அப்படியானால் இவரை ஏன் விதவைக் கோலத்தில் அனுப்பினீர்கள்?"

"அது வேறை" என்று தடுமாறினாள் சிவனேஸ்வரி. "நான் அக்கா. அவ பெண்சாதிதானே."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொன்னார். யோகா தன்னையறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

அதை உறுப்பினர் எழுதிக்கொண்டார்.