சீப்பைக் கண்டுபிடித்த நாடுகள்

சீப்பை உலகத்துக்குக் கொடுத்தது யார் என்ற பேச்சு வந்த அன்றுதான் சலூனின் மேற்குப் பாதி முதன்முதலாக ஒரு விரற்கடை உயர்ந்தது. வெயில் வழக்கம்போல் இருந்தது, கூட்டமும் வழக்கம்போல் இருந்தது. மேற்கு நாற்காலியில் தலையைக் கொடுத்திருந்த தபால்காரர், "சீப்பக் கண்டுபிடிச்சதே நாங்கதாங்க. அப்போ நீங்கல்லாம் தலைய மரத்துல ஒரசிக்கிட்டு இருந்தீங்க" என்றார். உடனே அவருடைய நாற்காலி, அதற்குக் கீழே இருந்த தரை, வாசலுக்கு வெளியே தெருவின் மேற்குப் பாதி, அதில் நிறுத்தியிருந்த அவருடைய சைக்கிள் எல்லாம் சத்தமில்லாமல் மேலே போயின. கிழக்கு நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்த ரொட்டிக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? "உங்களது அடங்காத முடி, சீப்பு தேவப்பட்டுச்சு. எங்க முடிக்கு வாயால சொன்னாலே போதும், படிஞ்சிடும்" என்றார். கிழக்குப் பாதி இரண்டு விரற்கடை ஏறியது. பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் மிச்ச முடியை வெட்டிக்கொண்டு போனார்கள்.

மேற்கும் கிழக்கும் இரண்டு நாடுகள். எந்தக் காலத்திலோ நடந்த சண்டையில் இரண்டுமே ஜெயித்துவிட்டதாக அறிவித்ததால் நடுவில் ஒரு கோடு போட வேண்டியதாயிற்று. போட்டவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்களே தவிர ஊரைப் பார்க்கவில்லை. அந்தக் கோடு தெருவோடு வந்து, சலூன் வாசலில் நுழைந்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, பின்னால் இருந்த வீட்டின் கூடத்தைத் தாண்டி, படுக்கையறைக் கட்டிலை நீளவாக்கில் பிளந்து, சமையலறையில் அடுப்பை மேற்கிலும் குழாயைக் கிழக்கிலும் விட்டுவிட்டுப் பின்சுவர் வழியாக வெளியேறியது. சலூன்காரர் மேற்கு நாட்டுக்காரர். அவருடைய மனைவி கிழக்கில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். இரண்டு பக்கத் தெருவும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. கிழக்கு நாற்காலியில் கத்தரி பிடித்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அக்கா கிழக்கில் படுத்துக் கிழக்கில் எழுந்து மேற்கில் அடுப்பைப் பற்றவைப்பாள். கணவருடைய குறட்டை ஒரு தாளும் காட்டாமல் எல்லை தாண்டி வரும். இதையெல்லாம் அவள் ஒரு கஷ்டமாக நினைத்ததே இல்லை.

தரையின் குணம் சில மாதங்களில் எல்லாருக்கும் பிடிபட்டது. எங்கள் தண்ணீர் தேனாக இனிக்கும் என்று சொன்னால் அது காதில் போட்டுக்கொள்ளாது. உங்கள் தண்ணீரை மாடு கூடக் குடிக்காது என்று சேர்த்துக்கொண்டால், அப்படியா, சரி, மேலேயே இரு என்று தூக்கிவிடும். சொன்ன ஆளை மட்டும் தூக்கினாலாவது பரவாயில்லை. எல்லையோரமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அவருடைய நாட்டையே தூக்கியது. இது தெரிந்ததும் மனிதர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்த கதையாகிவிட்டது. எங்கள் நாடுதான் உயர்ந்தது என்று பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வந்ததற்கு இப்போது அளவுகோல் வைத்து அளந்து காட்டும்படி ஆதாரம் கிடைத்திருக்கிறது, விடுவார்களா? பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காலையில் கோட்டோரம் நிற்க வைத்து, அடுத்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தத் தெரியாது என்று ஒரே குரலில் சொல்ல வைத்தார்கள். அமைச்சர்கள் வந்து புதிய உயரத்தைத் திறந்துவைத்தார்கள். வரிசையில் ஒழுங்காக நிற்பது யார், கொட்டாவி விடும்போது வாயைப் பொத்துவது யார் என்று வழக்குப் போய்க்கொண்டே இருந்தது. விருந்தாளியை நன்றாக உபசரிப்பது எந்த நாடு என்ற வாதம் காலையில் தொடங்கி மாலை வரை நடந்தபோது, வழிப்போக்கர் ஒருவர் நடுவில் நின்று தண்ணீர் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, தாகத்தோடு நடையைக் கட்டினார்.

நிபுணர்கள் வந்தார்கள். கிழக்கு நிபுணர்கள் மண்ணைத் தோண்டி முகர்ந்து பார்த்து, உயர்ந்த பண்பாடுள்ள மண் இயல்பாகவே உயரும் என்றார்கள். மேற்கு நிபுணர்கள் அதே மண்ணை முகர்ந்து, கிழக்கு உயரவே இல்லை, மேற்குதான் அடக்கத்தின் காரணமாகத் தாழ்ந்திருக்கிறது, அந்த அடக்கம் அவர்களுக்கு வராது என்றார்கள். அறிக்கையைப் படித்து முடிப்பதற்குள் மேற்கு ஒரு சாண் ஏறி, மேசையும் அதன் மேலிருந்த தேநீர்க் கோப்பைகளும் சரிந்தன. இதை எழுதுகிறவனுக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்து நிபுணர்கள் கொஞ்சம் விவரமானவர்கள் என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். நாற்காலி லேசாக ஆடவே அந்த வரியை அடித்துவிட்டேன்.

மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்பதை இரண்டு நாடுகளும் பிறகுதான் யோசித்தன. எந்தப் பக்கம் உயர்ந்ததோ அந்தப் பக்கத்துக் குழாய்கள் காற்றை ஊதின. எந்தப் பக்கம் தாழ்ந்ததோ அங்கே உயர்ந்தவர்களுடைய சாக்கடை வந்து சேர்ந்தது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், எங்கள் ஊரில் கொண்டாட்டம் ஏணிக்காரருக்கு. தெருவைக் கடக்க ஏணி, கடன் கேட்க ஏணி, காதலிக்க ஏணி என்று அவர் கடையில் மூங்கில் நிற்க நேரமில்லை. அக்கா வீட்டுக் கட்டிலில் கிழக்குக் கால்கள் உயர்ந்துகொண்டே போனதால், அவள் தூக்கத்தில் புரண்டால் நேராக மேற்கு நாட்டில் கணவர் மேல்தான் விழுந்தாள். முதலில் இருவருக்கும் சிரிப்பாக இருந்தது. கட்டில் இரண்டாக உடைந்தபோது சிரிப்பு நின்றது. வீட்டுக்கூரையைத் தாங்கியது சுவரிலிருந்து சுவர் வரை போகும் ஒரே நீள விட்டம். கொத்தனார் வந்து அண்ணாந்து பார்த்து, இன்னும் ஒரு முழம் வித்தியாசம் வந்தால் விட்டம் ஒடிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒடிந்தால் அது ஒரு வீடு இல்லை, இரண்டு நாட்டில் இரண்டு பாதி வீடு. நடுவில் கம்பிவேலி போட வேண்டும் என்று இரண்டு நாட்டுச் சட்டமும் அதிசயமாக ஒரே குரலில் சொன்னது. புருஷனுடைய முகத்தைப் பார்க்க அக்கா மனுப் போட வேண்டியிருக்கும். அவளுக்கு அந்த ஒரு பயம்தான். இரவும் பகலும் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீரில்லாமல் நாக்கு வறண்ட பிறகு ஒரு யோசனை பிறந்தது. அடுத்தவனைத் தாழ்த்தினால் ஏறுகிறது என்றால், நம்மை நாமே தாழ்த்திக்கொண்டால் இறங்கும் அல்லவா? உண்மையாகவே இறங்கியது. தபால்காரர் தங்கள் நாட்டில் லஞ்சம் இருப்பதை ஒப்புக்கொண்டார், மேற்கு ஒரு விரற்கடை தணிந்தது. ரொட்டிக்கடைக்காரர் தங்கள் நாட்டிலும் எடைத் தட்டில் விரல் வைப்பார்கள் என்றார், கிழக்கு தணிந்தது. அக்காவுக்கு உயிர் வந்தது. ஆனால் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆக அதிக நாள் பிடிக்கவில்லை. "எங்க லஞ்சத்தப் பாத்தா உங்களதெல்லாம் லஞ்சமாங்க? எங்க ஆளுங்க பாலம் கட்டாமலே அதுக்குத் திறப்பு விழா நடத்துவாங்க" என்று தபால்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். மேற்கு விர்ரென்று ஏறியது. "எங்க ஆளுங்க ஆறே இல்லாத எடத்துல பாலம் கட்டுவாங்க, உங்களால முடியுமா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர். கிழக்கு அதைத் தாண்டியது. உலகத்திலேயே தன் தப்பை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை எங்களுக்கு மட்டுமே உண்டு என்று இரண்டு நாட்டு வானொலியும் அறிவித்த வாரத்தில், பெருமை பேசிய காலம் முழுவதும் ஏறாத உயரத்துக்குத் தரை ஏறியது.

கடைசி நாள் சலூனில் நல்ல கூட்டம். கிழக்கு ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்தில் இருந்தது. தம்பி மேலே, தலை கூரையில் இடிக்காமல் குனிந்தபடி ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். சலூன்காரர் கீழே முடி வெட்டிக்கொண்டிருந்தார். மேலே குழாயில் தண்ணீர் வராததால் கீழே மேற்குத் தெருவில் பிடித்த தண்ணீரைக் குடத்தில் தூக்கிக்கொண்டு அக்கா ஏணியில் பாதி வழியில் இருந்தாள். அந்த நேரம் பார்த்து, பெண்களை மதிப்பதில் எந்த நாடு உயர்ந்தது என்று பேச்சு திரும்பியது.

"எங்க நாட்டுல பொம்பளைங்கள தலைக்கு மேல வெச்சுக் கொண்டாடுறோம், மாப்ள. உங்க பக்கம் அது கெடையாது" என்றார் சலூன்காரர், கத்தரியை நிறுத்தாமல். மேற்கு ஏறியது, ஏணி ஒரு குதி குதித்தது.

"போங்க மாமா. நாங்க அவங்க கால் தரையில படவே விட மாட்டோம். உங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போவுது" என்றான் தம்பி. அவளுடைய கால் அப்போது தரையில் படவில்லை என்பது உண்மைதான். கிழக்கு ஏறியது, ஏணி இன்னொரு குதி குதித்தது, குடம் அக்காவின் தலையில் கவிழ்ந்தது. மேலே விட்டம், காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல ஒரு சத்தம் போட்டது.

அக்கா ஏணியிலேயே நின்றாள். முகத்தில் வழிந்தது குடத்துத் தண்ணீர் மட்டும் இல்லை.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்! நான் அங்க பொறந்தவ, இங்க வாக்கப்பட்டவ. ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியும். எங்கப்பா ஈரத் துண்டக் கட்டில் மேல போட்டாரு. இந்த மனுஷனும் ஈரத் துண்டக் கட்டில் மேல போடுறாரு. நீயும் போடுறடா! அங்க எங்கம்மா எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தா சாப்பிட்டா. இங்க நான் மிச்சம் இருந்தா சாப்பிடுறேன். இதுல எந்த நாடுடா ஒசத்தி? வாயத் தொறந்து சொல்லுங்க பாப்போம்!"

தம்பியின் கத்தி பாதி மீசையில் நின்றது. கிழக்கு ஒரு சாண் இறங்கியது.

தரை இறங்கியதை அக்கா கவனித்தாளோ இல்லையோ, அவளுக்கு நிறுத்துகிற எண்ணம் இல்லை. ஏணியில் நின்றபடியே திட்டினாள். தம்பியைத் திட்டினால் அதே மூச்சில் புருஷனையும் திட்டினாள், ஓரவஞ்சனை வைக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்றாள். இரண்டு நாட்டுப் பாடப்புத்தகத்திலும் ஒரே சண்டையில் இருவரும் ஜெயித்திருக்கிறார்கள், அப்போது தோற்றது யார், பக்கத்து வீட்டுப் பூனையா என்று கேட்டாள். வரிசையில் இரண்டு பேருமே முண்டுவதையும், அதற்கு வைத்தியரிடம் போக நேரமாகிறது என்று ஒரே பொய்யைச் சொல்வதையும் எடுத்துவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் உயர்ந்த பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ஏசிக்கொண்டே வந்தவள் திடீரென்று குரல் உடைந்து, "தெருவுல ஒரு சாவுன்னா அங்கயும் ரேடியோவ அணைக்கிறோம், இங்கயும் அணைக்கிறோம். யாரும் சொல்லித் தர்றதில்ல" என்றாள். அதற்கு மட்டும் தரை ஒரு முழம் இறங்கியது. சாயங்காலம் அவள் தொண்டை கட்டி ஏணியை விட்டு இறங்கியபோது, ஏணிக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு நாற்காலிகளும் சமமாக இருந்தன. பாதி மீசை எடுத்த நிலையில் காத்திருந்தவர் மறு பாதியையும் எடுக்கச் சொன்னார். விட்டத்தில் விழுந்த விரிசல் அப்படியே இருக்கிறது. சலூன்காரரும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இரும்புப் பட்டை போட்டார்கள்.

இரண்டு அரசாங்கங்களும், முதலில் இறங்கி வந்தது அவர்கள்தான், எங்களுக்கு அந்த நிலை வராது என்று மறுநாளே அறிவித்ததால் திரும்பவும் ஒரு விரற்கடை ஏற்றம் வந்தது. அக்கா திரும்பவும் திட்டினாள். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவது மாதிரி வாரம் ஒருமுறை இரண்டு பக்கத்தாரும் வந்து நின்று வாங்கிக்கட்டிக்கொண்டு போவார்கள். அவளுக்கு உடம்பு சரியில்லாத வாரங்களில் வேறு சிலர் முயற்சி செய்தார்கள், எதிர்ப்பக்கத்தை மட்டுமே திட்ட வந்ததால் நிலைமை மோசமானது. இப்போது அக்கா எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், பாத்திரத்தில் என்ன மிச்சம் என்று அவளுடைய கணவர் கடைசியில் பார்த்துக்கொள்கிறார். ஈரத் துண்டையும் அவர் கொடியில்தான் போடுகிறார். அதைத் தன் நாட்டு ஆண்கள் மட்டுமே செய்வதாக ஒருநாள் மச்சானிடம் சொல்லப்போய், செருப்போடும் நாட்டோடும் சேர்ந்து அரை விரற்கடை உயர்ந்தார்.

போன மழைக்காலத்தில் மூன்றாவது நாடு ஒன்றிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒருவர் முடிவெட்டிக்கொள்ள சலூனுக்கு வந்தார். நனைந்த குடையை மடக்கிக்கொண்டு, விட்டத்து விரிசலைப் பார்த்தார், கதையை முழுக்கக் கேட்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லவேளைங்க. எங்க நாட்டுல இந்த மாதிரி மடத்தனமெல்லாம் கிடையாது" என்றார்.

அவருடைய நாட்டுக்கு இங்கே இருந்தது அவருடைய காலடி மட்டும்தான். அங்கே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாகத் தரை ஒரு படி உயர்ந்தது. கத்தரிச் சத்தம் நிற்கவில்லை. உள்ளேயிருந்து துவைத்த துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்த அக்கா அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"பாத்து எறங்குங்க" என்றாள். "படி இருக்கு."